பக்கத்து வீட்டு டியூட்டி சார்ட்

எங்கள் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு இடது பக்கம், ஓர் ஆணி இருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் அந்த மாதிரி ஆணியில் தினசரி காலண்டர் தொங்கும். எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் டியூட்டி சார்ட் தொங்கியது. நான் மண்ணில் நகை செய்து விற்கிறவள். என் தொழிலுக்கு நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அந்தச் சார்ட்தான். 'எம்' என்று போட்டிருந்தால் அவருக்கு மார்னிங் டியூட்டி, அன்றைக்கு என் சூளை எரியும். 'என்' என்று போட்டிருந்தால் நைட் டியூட்டி, பகலில் வீட்டில் தூங்குவார், நான் ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. நகை கேட்டு வருகிறவர்கள் "எப்பக்கா ரெடியாகும்?" என்றால், "சிஸ்டருக்கு எப்ப மார்னிங் வருதோ அப்ப" என்பேன். புதிதாக வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் பதினான்கு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, அதற்கப்புறம்தான் பெர்மனென்ட் ஆனார். ஆன மறுவருஷம் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் காடாம்புலியூரில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தவள் நான். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்து கறுத்துக் கிடக்கும். அந்தக் கைக்குத் திடீரென்று இரண்டு அறை, குழாய்த் தண்ணீர், பின்னால் பலா மரத்தோடு ஒரு தோட்டம். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனதும் வீடு ஓவென்று கிடக்கும். சும்மா இருந்து பழக்கமில்லாதவளைச் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஷிஃப்ட் முடிந்து வரும் மனுஷனிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பள்ளி ஆண்டு விழா வந்தது. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் காதில் செங்கல் நிறத்தில் ஒரு ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. தங்கமும் இல்லை, கவரிங்கும் இல்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, தொட்டுவிட்டேன். அவர் துள்ளித் திரும்பினார்.

"இது என்னதுங்க?"

"டெரகோட்டா. சுட்ட மண்ணு. சென்னையில வாங்கினேன்."

"மண்ணா! மண்ணையா காசு குடுத்து வாங்குனீங்க?" என்று நான் கேட்டது அடுத்த வரிசைக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தேன். இரண்டு நாள் கழித்துச் சிரிப்பு அடங்கி, நாமே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். மண்ணுக்குச் சேத்தியாத்தோப்பு வரை போனேன். அங்கே வெள்ளாற்றுப் பக்கம் எடுக்கிற களிமண் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு சாக்கு மண்ணோடு பஸ் ஏறினால் கண்டக்டர் சும்மா விடுவாரா? "உங்க ஊர்ல மண்ணே இல்லியாம்மா? ஊரையே தோண்டிக்கினு இருக்காங்க, அதுல ரெண்டு கூடை வாங்கிக்கினு போறதுதானே" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, ஆனால் லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டாரே என்று வாயை மூடிக்கொண்டேன். சப்பாத்திக் கட்டை, கொண்டை ஊசி, உடைந்த சீப்பு, பேனா மூடி, இவைதான் என் பட்டறை. சீப்புப் பல்லை அழுத்தினால் வரி விழும். பேனா மூடியை அழுத்தினால் வட்டம் விழும். முதல் ஜிமிக்கி ஒரு பக்கம் கோணிக்கொண்டு, காது வலி வந்தவள் மாதிரி தொங்கியது. அதையும் ஆசை ஆசையாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்வதெல்லாம் சுலபம். சுடுவதில்தான் இருக்கிறது சங்கதி. சரியாகச் சுடாத மண்ணைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறு. கேஸ் அடுப்பில் வாணலி வைத்துச் சுட்டுப் பார்த்தேன், பட்டாசு மாதிரி வெடித்து ஒரு துண்டு என் புருவத்தில் பட்டது. பழைய இரும்பு டிரம் ஒன்றை வாங்கிப் பக்கமெல்லாம் ஓட்டை போட்டு, பலா மரத்தடியில் வைத்தேன். வீடியோவில் வறட்டியும் உமியும் போட்டு எரி என்றார்கள். எனக்கா எரிக்கத் தெரியாது? எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை ஓட்டைவிட நன்றாக எரிகிற சாமான் உண்டா? அம்மா வீட்டில் இருந்து இரண்டு மூட்டை ஓடு வரவழைத்து டிரம் நிறையக் கொட்டிப் பற்றவைத்தேன்.

அடக் கடவுளே! முந்திரி ஓட்டுக்குள் எண்ணெய் இருக்கிறது என்பதை விரல் தோல் உரிய உரிய உடைத்தவளே மறந்துபோனேன். தார் காய்ச்சுகிற மாதிரி கன்னங்கரேல் என்று புகை எழும்பி, காற்று அடித்த பக்கம் சாய்ந்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை யூனிஃபார்ம்கள் மேல் போய் உட்கார்ந்தது. வெள்ளைத் துணியில் மிளகு தூவிய மாதிரி எண்ணெய்க் கரி. மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு படாரென்று திறந்தது. நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்த நர்ஸம்மா, தலைமுடி கலைந்து, நைட்டி மேல் துண்டோடு வந்து நின்றார்.

"யாரு வூட்டுல பொணம் எரிக்கிறீங்க?"

நான் மட்டும் லேசுப்பட்டவளா? "பொணமும் இல்ல, ஒன்னும் இல்ல. நகை செய்யறேன்" என்றேன்.

"நகையா? இந்தப் புகையிலயா? இன்னொரு தபா இங்க தீ தெரிஞ்சுது, டவுன்ஷிப் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன். தூங்காத போய் நான் ஊசி போட்டா யாரு பொறுப்பு?" என்று சொல்லிவிட்டு, யூனிஃபார்ம்களை ஒவ்வொன்றாக உருவி, உதறிப் பார்த்து, உள்ளே போய்விட்டார்.

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுக்காரர் வந்துதான் சொன்னார். குவார்ட்டர்ஸ் அவர் பேரில் இருக்கிறது. புகார் போனால் மெமோ அவருக்கு. "பதினாலு வருஷம் நாயா அலைஞ்சி வாங்குன பெர்மனென்ட்டு. உன் மண்ணு தோட்டுக்காக நான் போயி கைய கட்டிக்கினு நிக்கணுமா? இத்தோட வுட்டுடு" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் தீ இல்லையென்றால் எனக்குத் தொழில் இல்லை. பச்சை மண் நகையை ஊருக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டு வரலாம் என்று பஸ்ஸில் எடுத்துப் போனால், இறங்கும்போது பாதி தூளாகியிருந்தது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றே அழுதேன். எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கே புரியவில்லை. என் கையால் செய்த ஒன்றுக்காக முதல்முறை அழுதேன் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் நர்ஸம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். யூனிஃபார்ம்களைக் கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்து, சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, நீலம் போட்டு அலசினேன். முக்கால்வாசிக் கரி போயிற்று. மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. தனியாக இருந்தார். அவர் வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்பில் வாத்தியார், சனி ஞாயிறு வருவார். சுவரில் மாதா படம், அதன் கீழே ஒரு காகிதத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தது.

"எவ்ளோ நேரம் எரியும் உன் நகை?" என்று கேட்டார்.

"ஆறு மணி நேரங்க சிஸ்டர். நடுவுல அணைக்க முடியாது. அணைச்சா எல்லாம் வெடிச்சிடும்."

சுவரில் இருந்த காகிதத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதுதான் டியூட்டி சார்ட். "எம்முன்னு இருக்கற நாள்ல நான் வூட்டுல இருக்க மாட்டேன். காலைல ஆறுக்குப் போனா ரெண்டரைக்குத்தான் வருவேன். அதுக்குள்ள உன் தீய வெச்சிக்கோ. மத்த நாள்ல புகை வந்துது, நான் மனுஷியா இருக்க மாட்டேன். அந்தக் கருமாந்தரம் புடிச்ச முந்திரி ஓட்ட மட்டும் தொடாத."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் பிறந்தால் ஆஸ்பத்திரிச் சார்ட்டைப் பார்த்துத் தன் கையால் ஒரு நகல் எழுதி, துணி மாட்டும் கிளிப்பில் செருகி, மதில் மேல் வைத்துவிடுவார். நான் எடுத்து ஆணியில் மாட்டுவேன். 'எம்' வரிசையாக வந்தால் எனக்குத் தீபாவளி. அதற்கு நாலு நாள் முன்னாலேயே நகைகளைச் செய்து நிழலில் உலர்த்தி வைத்துவிடுவேன். வறட்டி, உமி, மறுபடி வறட்டி என்று அடுக்கிக் காலை ஏழுக்குப் பற்றவைத்தால் ஒரு மணிக்குப் புகை அடங்கிவிடும். சாயங்காலம் சாம்பலைக் கிளறினால் செக்கச் செவேல் என்று தோடுகள் கிடக்கும். சூடு ஆறாத சாம்பலில் விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுக்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எனக்கு இன்று வரை எதுவும் கிடைக்கவில்லை.

பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களிடம்தான் முதலில் விற்றேன். ஒருத்தி வாங்கினால் அந்த பிளாக்கே வாங்கும், அது டவுன்ஷிப்பின் குணம். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஜில்லாவில் இருந்து வந்தவள். மதுரைக்காரிக்குப் பெரிய ஜிமிக்கி வேண்டும், நாகர்கோவில்காரிக்கு மாங்காய்த் தோடு வேண்டும். பேரம் பேசினால் மட்டும் எனக்குப் பொறுக்காது. "மண்ணுதானேக்கா" என்று ஒருத்தி சொன்னதற்கு, "அப்ப போயி ரோட்டுல அள்ளிக்கோ" என்று பையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அவளே வீடு தேடி வந்து வாங்கினாள். சிஸ்டர் சொல்லித்தான் சிலுவை டாலர் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு அது நன்றாகப் போகும். தவக்காலத்தில் பூ கூட வைக்க மாட்டார்கள், அந்த நாற்பது நாளும் சர்ச் பக்கம் கடை விரிக்காதே என்பதும் அவர் சொன்னதுதான். ஆனால் என் நகை ஒன்றைக்கூட அவர் போட்டுக்கொண்டதில்லை. "தொங்கறத போட்டுக்கினு டூட்டி பாக்க முடியாது. பேஷன்ட்டு புடிச்சி இழுத்துடுவான்" என்பார்.

நாலாவது வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. டவுன்ஷிப்பில் நாட்டியம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர், விழாவில் ஆடப்போகும் நாற்பது பெண்களுக்கும் ஒரே மாதிரி நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, கழுத்தாரம் கேட்டார். நாற்பது செட்! ஒன்றரை மாதம் அவகாசம். வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் நகை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இத ஒழுங்கா முடிச்சின்னா செய். இல்லன்னா இத்தோட மூட்ட கட்டிடு, தெனம் இந்தப் புகை பயத்துல எனக்குத் தூக்கம் இல்ல" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் பதினைந்து செட்டைச் சூளையில் ஏற்றிய நாள் சார்ட்டில் 'எம்' தான். ஆனால் முந்தின நாள் யாரோ லீவு போட, சிஸ்டர் டியூட்டி மாற்றிக்கொண்டு இராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலை ஏழரைக்கு வந்து நின்றார். என் டிரம் புகைந்துகொண்டிருந்தது.

"அணை அத."

"இப்ப அணைக்க முடியாதுங்க சிஸ்டர். உங்க சார்ட்டு பாத்துத்தான் வெச்சேன்."

"சார்ட்ட நான் எழுதுனேன், நானே சொல்றேன், அணை."

"முடியாது" என்றேன். என் வாய்க்கு அது போதவில்லை. "தூங்கறதுக்கா ஆஸ்பத்திரில வேலைக்குச் சேந்தீங்க?" என்று வேறு சேர்த்துக் கேட்டுவிட்டேன்.

அவர் உள்ளே போனார். ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்தார். மதிலுக்கு மேல் தூக்கி, குறி தவறாமல் ஊற்றினார். டிரம் உஸ்ஸென்று சீறியது. உள்ளே பட் பட்டென்று வெடிக்கிற சத்தம் நின்றபோது பதினைந்து செட்டும் ஓடாகிவிட்டிருந்தது.

"நர்ஸா நீங்க? பேஷன்ட்டுக்கும் இப்படித்தான் தண்ணி ஊத்துவீங்களா?"

"பேஷன்ட்டு புகை வுட மாட்டான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அதோடு பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வந்தது. உடைந்த செட்டுகளைத் திரும்பச் செய்துவிட்டேன், இரண்டு கையும் வீங்கும் அளவுக்குச் செய்தேன், ஆனால் சுட நாள் வேண்டுமே. விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மாதம் பிறந்தது. இந்த மாதம் சார்ட் எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனேன். மதில் மேல் கிளிப்பில் செருகிய காகிதம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'எம்', 'எம்', 'எம்' என்று பன்னிரண்டு நாள் வரிசையாக இருந்தது. சாமிக்குக் கண் இருக்கிறது என்று காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி போட்ட சார்ட்டுக்கு இவருக்கு எதற்கு நன்றி?

பன்னிரண்டு நாளில் எட்டு சூளை. இராத்திரி எட்டு மணிக்கெல்லாம் பிணம் மாதிரி விழுந்து தூங்கிவிடுவேன், யார் வீட்டுக் கேட் திறந்தது மூடியது என்பதெல்லாம் காதிலேயே விழாது. ஒரு நாள் மத்தியானம் இரண்டரைக்கு அவர் வரும்போது கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. மனசு கேட்காமல், "என்ன சிஸ்டர், கண்ணு இப்படிக் கெடக்கு?" என்றேன். "வார்டுல கூட்டம்" என்றார். அதுதான் அந்த மாதத்தில் நாங்கள் பேசிய பேச்சு. நாற்பது பெண்களும் மேடையில் ஆடியபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியையும் காதையும் மட்டும்தான் பார்த்தேன். ஒன்று கூட உதிரவில்லை. டீச்சர் அந்த நாட்டியப் படத்தை எங்கெங்கோ போட, சென்னையில் இருந்து, புதுச்சேரியில் இருந்து எல்லாம் கேட்டு வந்தார்கள். வீட்டுக்காரர் அதற்கப்புறம் மூட்டை கட்டச் சொல்லவில்லை. டிரம் ஓட்டை விழுந்தபோது அவரே புது டிரம் கொண்டுவந்து வைத்தார்.

போன மாதத்துக்கு முந்தின மாதக் கடைசியில் சிஸ்டருக்கு ரிடையர்மென்ட். இங்கே அது ஒரு கல்யாணம் மாதிரி. வாசலில் பந்தல் போட்டு, மாலையோடு வண்டியில் கொண்டுவந்து இறக்கி, பட்டாசு வெடித்து, சாப்பாடு போட்டார்கள். நான் அவருக்கென்று காதோடு ஒட்டி உட்காருகிற சின்னத் தோடு ஒரு ஜோடி செய்திருந்தேன். தொங்காது, எந்தப் பேஷன்ட்டும் பிடித்து இழுக்க முடியாது. மாலையும் கழுத்துமாக அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு நர்ஸ், அவரோடு வேலை பார்த்தவர், வேறு பிளாக்கில் இருப்பவர், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதானா அந்த மண்ணு நகைக்காரம்மா? உங்களாலதான் எங்க வூட்டு சோபா குழி வுழுந்துபோச்சு."

"என்னாலயா? எப்படிங்க?"

"டான்ஸுக்கு நாப்பது செட்டு செஞ்சீங்களே, அந்த மாசம் இவங்களுக்கு வரிசையா பன்னெண்டு நைட்டு. காலைல டூட்டி முடிஞ்சி நேரா எங்க வூட்டுக்கு வந்துடுவாங்க. 'வூட்டாண்ட புகை, ரெண்டு மணி வரைக்கும் படுத்துக்கினு போறேன்'னு சோபால கெடப்பாங்க. என் புள்ளைங்க டிவி போட்டுக்கினு ஒரே சத்தம், எங்க தூங்கறது?"

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. பன்னிரண்டு நாள். அத்தனையும் 'என்'. என் கையில் கிடைத்தது அத்தனையும் 'எம்'. அவர் கையால் எழுதியது. நான் இலையை மடக்காமலே எழுந்து போனேன். ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன் சிஸ்டர் சொல்லல? இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்று கத்தியே விட்டேன்.

அவர் யார் உளறியது என்று பந்திப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டார். "சொன்னா நீ பத்த வெச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்பறம் என்ன? அன்னிக்கு ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்துனேன்ல. அதுக்குன்னு வெச்சிக்கோ. போ, போயி சாப்புடு, எலய அப்படியே போட்டுட்டு வராத."

நான் போகவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். மாலைப் பூ என் தலையெல்லாம் உதிர்ந்தது.

பத்து நாளில் சாமான் ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது, இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை. கொடிக் கம்பி வெறுமனே இருக்கிறது. இனி நான் எந்த நாளும் எரிக்கலாம், எந்த நேரமும் எரிக்கலாம், கேட்க ஆள் இல்லை. ஆனால் மூன்று வாரம் டிரம் பக்கமே போகவில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் போன் பண்ணி எப்போது ரெடியாகும் என்று கேட்டால், என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் முதல் தேதி காலையில் பழக்க தோஷத்தில் மதில் மேல் பார்த்தேன். பார்த்த பிறகு என்னையே திட்டிக்கொண்டு உள்ளே வந்தால், செல்போனில் சத்தம் கேட்டது. வாட்ஸாப்பில் ஒரு படம். காகிதத்தில் கட்டம் கட்டி, அதே கையெழுத்து. முப்பது கட்டத்தில் இருபத்தொன்பதில் 'எம்'. இருபத்திரண்டாம் தேதியில் மட்டும் 'ஆஃப்'. கீழே எழுதியிருந்தது: "அன்னிக்கு அங்க வரேன். உன் வூட்லதான் தூங்குவேன். பத்த வெக்காத."

கடைத்தெருவுக்குப் போய் அதைப் பிரின்ட் போட்டு வாங்கி வந்து ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு டிரம்மைப் பற்றவைத்தேன். இருபத்திரண்டாம் தேதிக்கு யார் அவசர ஆர்டர் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சிஸ்டருக்கு ஆஃப்.